வூக்கான்: நிலம் கேட்டார்கள், தேர்தல் கிடைத்தது

வூக்கான் என்று எழுதினால் பலரும் வூஹான் என்றே படித்துவிடுகிறார்கள். கொரோனாவால் பெயர் தெரிந்த அந்தப் பெருநகரம் வேறு. இது குவாங்டோங் மாகாணத்தின் கிழக்குக் கரையில், லூஃபெங் என்ற சிறு நகரத்தின் ஆளுகைக்குள் இருக்கும் ஒரு மீனவர் ஊர். சுமார் 13,000 பேர், 47 குடும்பப் பெயர்கள், ஒரு சின்னத் துறைமுகம். 2011 டிசம்பரில் இந்த ஊர் அரசு அதிகாரிகளையும் போலீஸையும் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டு, பத்து நாள் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டது. அடுத்த மூன்று மாதத்தில் சீனாவில் அபூர்வமாகவே நடக்கக்கூடிய திறந்த தேர்தல் ஒன்றையும் நடத்தியது. ஐந்து வருடம் நிறைவதற்குள், அந்தத் தேர்தலில் ஜெயித்த தலைவர் சிறையில் இருந்தார்.

இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஜனநாயகத்தின் கதையாகத்தான் எழுதினார்கள். முளைத்தது, பிறகு மிதிபட்டது என்று. அது பொய் இல்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கியபோது முதலில் கேட்டது ஓட்டுரிமை அல்ல, தங்கள் நிலத்தின் கணக்கை. தேர்தல் அவர்களுக்கு ஒரு வழி மட்டும்தான். போய்ச் சேர வேண்டிய இடம் நிலம். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட பதவிக்கு நிலத்தைத் திருப்பும் சக்தி கிடையாது என்பது 2012-இல் ஊர் கொண்டாடிக்கொண்டிருந்தபோதே முடிவாகிவிட்ட விஷயம் என்று நான் நினைக்கிறேன். 2016-இல் வந்த போலீஸ் படையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கரையின் பழக்கம்

லூஃபெங்கையும் பக்கத்திலிருக்கும் ஹைஃபெங்கையும் சேர்த்து ஹைலூஃபெங் என்பார்கள். "வானத்தில் இடி தெய்வம், பூமியில் ஹைலூஃபெங்" என்று குவாங்டோங்கில் ஒரு சொலவடை உண்டு. இடி தெய்வத்துக்கு எப்படிப் பயப்படுவார்களோ அப்படி இந்த ஊர்க்காரர்களுக்கும் பயப்பட வேண்டும் என்பது பொருள். இவர்கள் பேசுவது மாகாணத் தலைநகரின் கான்டனீஸ் அல்ல. ஃபூஜியான் கரையிலிருந்து வந்த 'மின்' என்ற சீன மொழியின் ஒரு கிளை. அதனால் சொந்த மாகாணத்திலேயே இவர்களைக் கொஞ்சம் வேற்று ஆட்களாகப் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது.

சீனாவின் முதல் விவசாய சோவியத், அதாவது கம்யூனிஸ்டுகள் தலைமையிலான விவசாயிகளின் ஆட்சி, 1927 நவம்பரில் இங்கேதான் உருவானது. அதை நடத்தியவர் பெங் பாய், ஹைஃபெங்கின் பெரிய நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. 1922-இல் தன் பங்குக்கு வந்த நிலப் பத்திரங்களைக் குத்தகைக்காரர்கள் முன்னால் போட்டு எரித்தவர். சோவியத் சில மாதங்களில் விழுந்தது; 1929-இல் ஷாங்காயில் அவர் கொல்லப்பட்டார். கம்யூனிஸ்ட் கட்சி இன்றும் அவரைத் தியாகியாகப் போற்றுகிறது. நிலம் கேட்டு எழுவது அங்கே கட்சிக்கு விரோதமான காரியம் அல்ல, கட்சியின் பிறப்பிலேயே இருக்கும் காரியம் என்ற எண்ணம் அந்த மண்ணில் ஆழமானது. வூக்கான் மக்கள் கடைசி நாள் வரை செங்கொடி பிடித்து நடந்ததை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு நினைவும் அந்தக் கரையில் உண்டு. 2005 டிசம்பர் 6-ஆம் தேதி, லூஃபெங்கும் அடங்கிய ஷான்வெய் மாவட்டத்தின் டோங்சோ என்ற கடலோர ஊரில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. மின்நிலையத்துக்கு நிலம் எடுத்ததும், மீன் பிடித்துவந்த காயலைத் தூர்க்கப் போனதும் தகராறுக்குக் காரணம். அரசு சொன்ன கணக்கில் மூன்று பேர் இறந்தார்கள். ஊர்க்காரர்கள் சொன்ன எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. ஆறு வருடம் கழித்து வூக்கான் எழுந்தபோது ஊருக்கும் சரி, அதிகாரிகளுக்கும் சரி, டோங்சோ ஞாபகத்தில் இல்லாமல் இருந்திருக்காது.

மீனவர் ஊருக்கு நிலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். கடல் முன்போல் இல்லை. தென்சீனக் கடலில் 1999 முதல் வருடாவருடம் கோடையில் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. கரையோர மீன்வளம் குறைந்ததால் வந்த தடை அது. 2017-இல் மே 1 முதல் ஆகஸ்ட் 16 வரை என்று மூன்றரை மாதமாக நீட்டினார்கள். படகு வைத்திருப்பவர் சமாளித்துக்கொள்வார். இல்லாதவருடைய பிள்ளைகள் ஃபோஷான், ஷென்ஜென் பக்கம் கடை வைக்கவும் தொழிற்சாலை வேலைக்கும் போனார்கள். வெளியூரில் சம்பாதிப்பவர் வயதான பிறகு திரும்பி வீடு கட்ட வேண்டும். அதற்கு இடம் வேண்டும். கடல் சுருங்கச் சுருங்க, ஊரின் சேமிப்பு என்று சொல்ல நிலம் மட்டுமே மிஞ்சியது.

நிலம் யார் கையில்

1982 அரசியல் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி நகரத்து நிலம் அரசுடையது, கிராமத்து நிலம் 'கூட்டு' உடைமை. அதாவது ஊருக்குப் பொது. தனி மனிதன் பெயரில் பட்டா கிடையாது. சாகுபடி உரிமை குடும்பத்துக்கு உண்டு, விற்கும் உரிமை இல்லை. அந்த நிலத்தில் அடுக்குமாடியோ ஓட்டலோ வர வேண்டுமானால், முதலில் அரசு அதைக் கையகப்படுத்தி அரசு நிலமாக மாற்ற வேண்டும்; பிறகுதான் கம்பெனிக்குக் கொடுக்க முடியும். 2020 ஜனவரியில் திருத்தச் சட்டம் அமலுக்கு வரும்வரை நடைமுறை இதுதான். கையகப்படுத்தும்போது கொடுக்கும் இழப்பீடு விளைச்சலின் மதிப்பை வைத்துக் கணக்கிடப்படும். கம்பெனியிடம் வாங்குவதோ சந்தை விலை. நடுவில் நிற்கும் வித்தியாசம் உள்ளூர் நிர்வாகத்துக்குப் போகும். 1994-இல் வரிப் பங்கீட்டை மாற்றி மத்திய அரசு பெரும்பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, மாவட்டங்களும் சிறு நகரங்களும் இந்த வித்தியாசத்தை நம்பித்தான் காலம் தள்ளின.

சரி, ஊருக்குப் பொதுவான நிலத்துக்கு ஊர் சார்பில் கையெழுத்துப் போடுவது யார்? சட்டம் ஊர்க்கூட்டம் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. நடப்பில் அந்தப் பேனா கட்சிக் கிளைச் செயலாளரிடமும் ஊர்க் குழுத் தலைவரிடமும் இருந்தது. வூக்கானில் கட்சிக் கிளைச் செயலாளர் சுவே சாங். 1970-இல் அந்தப் பதவிக்கு வந்தவர், 2011 வரை இருந்தார். நாற்பத்தோரு வருடம். மாவோ காலத்தில் உட்கார்ந்தவர் ஹூ ஜின்டாவ் காலத்தில்தான் எழுந்தார். 1993-இல் ஊர்த் தலைவர்களே நடத்தும் ஒரு துறைமுகத் தொழில் வளர்ச்சிக் கம்பெனி தொடங்கியது; ஊரின் நிலப் பேரங்கள் அதன் வழியாகப் போயின. விற்பதாகத் தீர்மானிப்பவரும் ஒப்பந்தம் போடுபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆட்கள். தொண்ணூறுகளிலிருந்து சுமார் 400 ஹெக்டேர் நிலம் தங்களைக் கேட்காமலே போய்விட்டது என்றும், தங்களுக்குக் கிடைத்தது ஆளுக்கு மொத்தம் 550 யுவான் என்றும் ஊர்க்காரர்கள் சொன்னார்கள். நல்ல ஜோடிச் செருப்பு இரண்டு வாங்கினால் தீர்ந்துவிடும் பணம்.

2009-இல் ஊருக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் சுற்றியது. 'நாம் ஊரை இழந்த அடிமைகள் அல்ல' என்று ஊராருக்கு எழுதிய கடிதம். கையெழுத்து 'தேசபக்தன் எண் 1'. பின்னணியில் இருந்தவர்கள் வெளியூரில் சிறு வியாபாரம் செய்துகொண்டிருந்த இளைஞர்கள். சுவாங் லியேஹோங் அவர்களில் முக்கியமானவர். கியூகியூ என்ற சீன இணையச் சேவையின் அரட்டைக் குழுவில் ஒன்றுகூடி, தங்களைக் கொதிக்கும் இரத்த இளைஞர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். ஊரைப் பற்றி இணையத்தில் எழுதினார்கள், பாட்டுப் போட்டார்கள், நிலப் பேரங்களின் தகவலைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். அப்புறம் மனு. லூஃபெங், ஷான்வெய், மாகாணத் தலைநகர் குவாங்சோ என்று படிப்படியாக மனுக் கொடுக்கப் போனார்கள். மேலே கொடுத்த மனு கீழே திரும்பி வரும். யார் மேல் புகாரோ அவர் பார்வைக்கே வந்து நிற்கும். இரண்டு வருடம் இப்படிப் போனது.

செப்டம்பரும் பதின்மூன்று பேரும்

2011 செப்டம்பர் 21. மிச்சமிருந்த நிலத்தில் கட்டுமான வேலை தொடங்குகிறது என்ற பேச்சு பரவியதும் ஆயிரக்கணக்கானோர் லூஃபெங் நகர நிர்வாக அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். வழியில் சில கட்டடங்கள் அடித்து நொறுக்கப்பட்டன. மறுநாள் போலீஸ் ஊருக்குள் வந்தது, அடிதடி நடந்தது, பலர் காயப்பட்டார்கள். ஊர்த் தலைமை ஊரைவிட்டே போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தலைமை ஓடிய ஊரில் கலவரம் வரும் என்று எதிர்பார்ப்போம். அங்கே ஓர் ஒழுங்கு வந்தது. 47 குடும்பப் பெயர்களும் தலைக்கட்டின் அளவைப் பொறுத்து ஒன்று முதல் ஐந்து பேர் வரை பிரதிநிதிகளை அனுப்பின. நூற்றுக்கும் மேற்பட்ட அந்தப் பிரதிநிதிகள் 13 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தற்காலிகப் பிரதிநிதிகள் சபை என்று பெயர் வைத்தார்கள். சபைத் தலைவர் யாங் செமாவ். துணைத் தலைவர்களில் ஒருவர் சுவே சின்போ. எல்லோருக்கும் ஆலோசகராக லின் சூலுவான்: முன்னாள் ராணுவ வீரர், பழைய கட்சி உறுப்பினர், உள்ளூர் நிர்வாகத்திலும் வேலை பார்த்து, பிறகு வியாபாரம் செய்து ஓய்வு பெற்றவர். இளைஞர்களின் வேகத்துக்கும் பெரியவர்களின் எச்சரிக்கைக்கும் நடுவில் நிற்க அப்படி ஒருவர் தேவைப்பட்டார்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது? எந்தப் புத்தகத்திலிருந்தும் இல்லை. கோயில் திருவிழாவுக்கு வரி பிரிக்கும் ஊருக்கு, குடும்பவாரியாக ஆள் அனுப்பிப் பொதுக்காரியம் நடத்தத் தெரியும். அந்தப் பழைய பழக்கத்தை எடுத்து அரசியலுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஊர்க்கூட்டமும் கோயிலுக்கு எதிரே இருக்கும் நாடக மேடை முன்னால்தான். சேகண்டி அடித்தால் ஊர் கூடும். ஒரே குடும்பப் பெயர் ஆதிக்கம் செலுத்தும் ஊர்களில் இது முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். 47 பெயர்கள் இருந்ததால் எந்த ஒரு குலமும் தனியாக எதையும் சாதிக்க முடியாது. சேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தது.

நவம்பர் 21-இல் மறுபடியும் லூஃபெங்குக்கு ஊர்வலம். இந்த முறை ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. பதாகைகள் வரிசையாக, நடந்தவர்களும் வரிசையாக. போய் மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

பத்து நாள்

டிசம்பர் 9-ஆம் தேதி ஊர்ப் பிரதிநிதிகள் ஐந்து பேரைச் சாதாரண உடையில் வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். சுவே சின்போவும் அதில் இருந்தார். சபை சட்டவிரோதமானது என்று ஷான்வெய் நிர்வாகம் அறிவித்தது. டிசம்பர் 11-இல் காவலில் இருந்த சுவே சின்போ இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. வயது 42. மாரடைப்பு என்றது அரசு. உடலைப் பார்த்த குடும்பத்தார் காயங்களைப் பார்த்ததாகச் சொன்னார்கள். மாரடைப்பு என்ற விளக்கத்தை ஊரில் யாரும் நம்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் நுழைய வந்த போலீஸை மரங்களை வெட்டிப் போட்டுத் தடுத்தார்கள். அதோடு முற்றுகை ஆரம்பமானது. சாலைகளை மூடினார்கள், அரிசியும் காய்கறியும் உள்ளே போகாதபடி சோதனைச் சாவடிகள் வந்தன, படகுகள் கடலுக்குப் போக முடியவில்லை. மீனவர் ஊருக்குக் கடலை மூடினால் பாதி வயிற்றை மூடிய மாதிரி. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பின்வழியாக அரிசி அனுப்பினார்கள். அதே வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வெளிநாட்டுச் செய்தியாளர்களும் வந்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களுக்கு இடம் கொடுத்து, சாப்பாடு போட்டு, இணைய வசதியும் செய்துகொடுத்தார்கள். கூடவே ஒரு வேண்டுகோளையும் எழுதி ஒட்டினார்கள்: இதைக் கிளர்ச்சி என்று எழுதாதீர்கள், நாங்கள் கட்சியை ஆதரிக்கிறோம், நாட்டை நேசிக்கிறோம்.

இதை வெறும் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. தந்திரமும் உண்டு, நம்பிக்கையும் உண்டு. மேலே இருப்பவர் நல்லவர், கீழே இருப்பவர்தான் நம் குரலை மறைக்கிறார் என்ற நம்பிக்கை சீனக் கிராமங்களில் பழையது. அது ஊரைப் பாதுகாத்தது. பெய்ஜிங்கை எதிர்க்காததால் தேசத்துரோகப் பட்டம் கட்டுவது சுலபமாக இல்லை. ஆனால் மேலே இருந்து யாராவது வந்தால் அவர் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளும் மனநிலையையும் அதே நம்பிக்கைதான் உண்டாக்கியது.

அந்த நாட்களில் ஷான்வெய் கட்சிச் செயலாளர் செங் யான்சியோங் பேசிய வீடியோ ஒன்று வெளியே வந்தது. வெளிநாட்டு ஊடகங்களை நம்பலாம் என்றால் பன்றியும் மரம் ஏறும் என்றார். மக்கள் வருடத்துக்கு வருடம் புத்திசாலிகளாகிறார்கள், கையாள்வது கஷ்டமாகிறது என்றும் குறைபட்டுக்கொண்டார். ஒரு நிர்வாகம் தன் மக்களை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அந்த இரண்டாவது வாக்கியத்தைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

டிசம்பர் 21-இல் ஊர் மறுபடியும் லூஃபெங்குக்கு நடப்பதாக இருந்தது. அதற்குள் மாகாணக் கட்சித் துணைச் செயலாளர் சூ மிங்குவோ வந்துவிட்டார். மாகாணத்தின் தலைமையில் அப்போது வாங் யாங். அடுத்த வருடம் பெய்ஜிங்கில் தலைமை மாற்றம் வரவிருந்த நேரம், குவாங்டோங்கில் ரத்தம் சிந்துவதை அவர் விரும்பியிருக்க முடியாது. மக்களின் முக்கியக் கோரிக்கைகள் நியாயமானவை என்று சூ மிங்குவோ சொன்னார். லின் சூலுவான் அவரைச் சந்தித்தார். பிடிபட்டவர்களை விடுவிப்பது, ஊர்ப் பிரதிநிதிகளை ஏற்பது, சுவே சின்போவின் உடலைத் திருப்பித் தருவது என்று பேச்சு முடிந்தது. தடுப்புகள் அகன்றன. ஊர்வலம் கைவிடப்பட்டது.

அந்தச் சமரசத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புரியும். ஆட்களைப் பற்றி உறுதியான வாக்குறுதி இருந்தது, தேர்தல் பற்றியும் இருந்தது. நிலத்தைப் பற்றி இருந்தது விசாரிப்போம் என்ற அளவில்தான். எத்தனை ஹெக்டேர், எந்தத் தேதிக்குள், எந்த ஒப்பந்தங்கள் ரத்து என்று எழுதிக் கையெழுத்தான பத்திரம் எதுவும் ஊர் கைக்கு வரவில்லை. ஒரு மனிதரின் சொல்லை நம்பி ஊர் வீடு திரும்பியது.

இதற்காக லின் சூலுவானைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து நாள் பட்டினியின் விளிம்பில் நின்ற ஊர், காவலில் இன்னும் சிலர், பக்கத்திலேயே டோங்சோவின் நினைவு. அந்த மேசையில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் கிடைத்ததை வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள்.

ஓட்டுப் போட்ட நாள்

2012 ஜனவரி 15-இல் லின் சூலுவானை ஊரின் கட்சிக் கிளைச் செயலாளராகக் கட்சியே நியமித்தது. பிப்ரவரியில் தேர்தலை நடத்தும் குழுவுக்கு ஒரு தேர்தல், பிரதிநிதிகளுக்கு ஒரு தேர்தல். மார்ச் 3-இல் ஏழு பேர் கொண்ட ஊர்க் குழுவுக்கு வாக்கெடுப்பு. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, மறைப்புக்குள் போய் எழுதி, பெட்டியில் போட்டார்கள். விழுந்த 6,812 ஓட்டில் லின் வாங்கியது 6,205. யாங் செமாவ், ஹோங் ருய்சாவ், சுவாங் லியேஹோங் எல்லோரும் குழுவுக்குள் வந்தார்கள். பழைய செயலாளர் சுவே சாங் ஏப்ரலில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

சட்டத்தில் இதெல்லாம் புதிதல்ல. ஊர்க் குழுத் தேர்தல் 1988 முதல் சோதனைச் சட்டத்திலும் 1998 முதல் நிரந்தரச் சட்டத்திலும் இருக்கிறது. வூக்கான் செய்தது காகிதத்தில் இருந்ததை அப்படியே நடத்திக் காட்டியது. அதனால்தான் உலகம் முழுவதும் செய்தியானது. 'வூக்கான் மாதிரி' என்ற சொல்லும் பிறந்தது.

நிலம் வராத நான்கு வருடம்

புதிய குழு அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தது. முத்திரை கிடைத்தது. ஆனால் இருபது வருடம் நடந்த பேரங்களின் முடிச்சு அந்த அறைக்குள் இல்லை. நிலத்தை அரசு நிலமாக மாற்றிய உத்தரவு மேலே இருக்கும் நிர்வாகத்தினுடையது. நிலப் பயன்பாட்டுச் சான்று வாங்கியவர்களிடம். அவர்களில் சிலர் அதை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த நிலத்தைத் திருப்ப வேண்டுமென்றால் கம்பெனிக்கு யார் பணம் கொடுப்பது, வங்கிக்கு யார் பதில் சொல்வது, உத்தரவு போட்ட அதிகாரியின் கையெழுத்து தவறு என்று யார் எழுதுவது? ஓர் ஊர்க் குழுவால் இதில் ஒன்றுகூட முடியாது. திருப்பித் தருவதாகச் சொன்ன நிலத்திலும் ஒரு பகுதி பக்கத்து ஊர்களோடு எல்லைத் தகராறில் கிடந்தது. அதாவது முற்றுகையில் அரிசி அனுப்பிய அக்கம்பக்கத்தோடு மோத வேண்டிய நிலை.

லூஃபெங் நிர்வாகத்தின் நிலையையும் யோசித்துப் பார்க்க வேண்டும். வூக்கானுக்கு ஒரு பேரத்தைச் செல்லாது என்று ஒப்புக்கொண்டால், அடுத்த வாரம் பத்து ஊர்கள் தங்கள் பழைய ஒப்பந்தங்களைத் தூக்கிக்கொண்டு வரும். நிலத்தை விற்றுக் காலம் தள்ளும் ஒரு நிர்வாகம் அந்தக் கதவைத் தானாகத் திறக்காது. ஒரு தலைவரை மாற்றுவதும் ஒரு தேர்தலை அனுமதிப்பதும் அவர்களுக்கு மலிவான விஷயங்கள். நிலம் அப்படி இல்லை.

ஊருக்குள் பொறுமை கரைந்தது. முதல் ஊர்வலத்தின் ஆண்டு நிறைவான 2012 செப்டம்பர் 21-இல், தாங்களே தேர்ந்தெடுத்த குழுவின் அலுவலகத்துக்கு முன்னால் நூறு பேருக்கு மேல் கூடி நிலம் எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பு இல்லை. பதில் சொல்ல வேண்டியவர் உள்ளே இல்லை என்பதுதான் கொடுமை. மேலிடத்தின் மேல் இருந்த கோபம் முழுவதும் லின்னின் மேலும் யாங் செமாவின் மேலும் திரும்பியது. அடுத்த மாதம் சுவாங் லியேஹோங் குழுவிலிருந்து விலகினார். 2014 தொடக்கத்தில் நாட்டைவிட்டே கிளம்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்து, நியூயார்க்கில் அடைக்கலம் கேட்டார்.

2014 மார்ச் கடைசியில் அடுத்த ஊர்த் தேர்தல். அதற்குச் சில நாள் முன்பு யாங் செமாவும் ஹோங் ருய்சாவும் லஞ்சக் குற்றச்சாட்டில் பிடிபட்டார்கள். யாங்குக்கு இரண்டு வருடம், ஹோங்குக்கு நான்கு வருடம் தண்டனை ஆனது. தேர்தலில் லின் மறுபடியும் ஜெயித்தார், ஆனால் பக்கத்தில் இருந்த நாற்காலிகள் காலி. மாகாணத்திலும் முகங்கள் மாறிவிட்டன. வாங் யாங் பெய்ஜிங்குக்குப் போய்விட்டார். 2017-இல் கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழுவின் நிலைக்குழு வரை உயர்ந்தார். ஊருக்குச் சொல் கொடுத்த சூ மிங்குவோ 2014 நவம்பரில் ஊழல் விசாரணையில் சிக்கினார். 2016-இல் அவருக்கு ஒத்திவைக்கப்பட்ட மரண தண்டனை விதிக்கப்பட்டது. வாக்குறுதியைக் கேட்டுப் போய் நிற்க ஆளே இல்லை. பன்றி மரம் ஏறுவதைப் பற்றிப் பேசிய செங் யான்சியோங் 2020-இல் ஹாங்காங்கின் தேசியப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும், 2023-இல் அங்குள்ள மத்திய அரசின் தொடர்பு அலுவலகத்துக்கும் தலைவரானார்.

எண்பத்தைந்து நாள்

2016 ஜூனில், எழுபதைத் தாண்டிய லின் மறுபடியும் ஊரைக் கூட்டி நிலத்துக்காக மனுக் கொடுக்கப் போவதாக அறிவித்தார். கூட்டம் நடப்பதற்கு முன், ஜூன் 17 நள்ளிரவை ஒட்டி அவரை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். ஜூன் 21-இல் டிவியில் தோன்றி லஞ்சம் வாங்கியதாக ஒப்புக்கொண்டார். பேரனையும் போலீஸ் பிடித்துவைத்து விசாரித்தது ஊருக்குத் தெரிந்திருந்ததால், அந்த வாக்குமூலத்தை ஊர் நம்பவில்லை. குடும்பம் ஏற்பாடு செய்த வழக்கறிஞர்களை வழக்குக்குள் விடவில்லை.

லஞ்சம் உண்மையிலேயே நடந்ததா என்ற கேள்வி வரும். சுதந்திரமான வழக்கறிஞர் இல்லாமல், டிவி வாக்குமூலத்தை முன்னால் வைத்து நடந்த விசாரணையை நம்பி நான் அவரைக் குற்றவாளி என்று எழுத மாட்டேன். நாற்பத்தோரு வருடம் பதவியில் இருந்தவருக்குக் கட்சி நீக்கம், நான்கு வருடம் இருந்தவருக்குச் சிறை என்ற வரிசையை மட்டும் வாசகர் கவனிக்கட்டும்.

அவரைக் கொண்டுபோன மறுநாளிலிருந்து ஊர் தினமும் நடந்தது. வெயில், மழை, தடைக்காலம் முடிந்து படகு கிளம்பும் பருவம், எதுவும் அதை நிறுத்தவில்லை. கையில் தேசியக் கொடி. கம்யூனிஸ்ட் கட்சி வாழ்க என்று கோஷம், செயலாளர் லின்னை விடுவியுங்கள் என்று கோஷம். செப்டம்பர் 8-இல் ஃபோஷானின் சான்செங் நீதிமன்றம் லின்னுக்கு மூன்று வருடம் ஒரு மாதம் சிறையும் இரண்டு லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. அதன் பிறகும் நடந்தார்கள். மொத்தம் எண்பத்தைந்து நாள்.

செப்டம்பர் 13, விடியும் முன்னே, கலவரத் தடுப்புப் போலீஸ் ஊருக்குள் இறங்கியது. கண்ணீர்ப் புகை, ரப்பர் குண்டு. ஊர்க்காரர்கள் செங்கல் எறிந்து எதிர்த்தார்கள். வீடு வீடாகத் தட்டி, 13 பேரைப் பிடித்தார்கள். மறுநாள் இரவு அங்கே தங்கியிருந்த ஐந்து ஹாங்காங் செய்தியாளர்களையும் போலீஸ் அழைத்துப் போய் விசாரித்து, ஊர்ப் பக்கம் வரக்கூடாது என்று திருப்பி அனுப்பியது. 2011-இல் உலகம் உள்ளே வந்த பின்வழிகள் இந்தத் தடவை முதலிலேயே அடைக்கப்பட்டன. அந்த ஐந்து வருடத்தில் பாடம் கற்றுக்கொண்டது நிர்வாகம்தான்.

இரண்டு வருடம் கழித்து, 2018 டிசம்பரில், ஊர்க் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீட்டப்பட்டது. கட்சிக் கிளைச் செயலாளரே ஊர்க் குழுத் தலைவராகவும் இருக்க வேண்டும் என்ற கொள்கையை நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். 'ஒரே தோளில் இரண்டு சுமை' என்று அதற்குப் பெயர். வூக்கானில் 2012-இல் இரண்டு பதவியும் ஒரே ஆளிடம் இருந்தது. அவருக்குப் பின்னால் 6,205 ஓட்டு இருந்தது. புதிய ஏற்பாட்டில் ஆளைக் கட்சி முதலில் முடிவு செய்யும். ஓட்டு அதற்குப் பிறகு.

பிடிபட்ட 13 பேரில் ஒன்பது பேருக்கு 2016 டிசம்பர் 26-இல் தீர்ப்பு வந்தது. சட்டவிரோதமாகக் கூடியது, போக்குவரத்தைக் குலைத்தது, பொய்த் தகவல் பரப்பியது என்று குற்றங்கள். தண்டனை இரண்டு வருடம் முதல் பத்து வருடம் வரை. தீர்ப்பு சொன்னது ஹைஃபெங் நீதிமன்றம். பெங் பாய் நிலப் பத்திரங்களை எரித்தது அந்த ஹைஃபெங்கில்தான்.